வேகத்தை அளந்த கதை: சைக்கிள் போலீஸ்ல இருந்து காட்டுப்பள்ளி ரோடு வரை

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க மக்களே.

காட்டுப்பள்ளி துறைமுகத்துல கன்டெய்னர் ஏத்திக்கிட்டு வர்ற டிரெய்லர், வல்லூர், மீஞ்சூர் வரைக்கும் ஊர்ந்துதான் வரும். வெளிவட்டச் சாலைல ஏறினதும் கதையே வேற. வண்டலூர் வரை சுமார் 60 கி.மீ., ஆறு வழி. டிரைவர் மிதிக்கத்தான் செய்வார். காத்திருந்த நேரத்தை அவர் வேற எங்க பிடிக்கிறது?

அந்த வேகத்தை அளக்க மனுஷன் என்னென்ன பாடு பட்டிருக்கான்னு பார்ப்போம். இதுல எங்க டாக்டர் கூட்டத்துக்கும் ஒரு ஒட்டு உறவு உண்டு.

1896 ஜனவரி, இங்கிலாந்தின் கென்ட் பகுதி. வால்டர் அர்னால்டு என்பவர் ஊருக்குள்ள மணிக்கு 8 மைல் வேகத்துல கார் ஓட்டினார். அன்னைக்கு ஊருக்குள்ள அனுமதி 2 மைல்தான். போலீஸ்காரர் சைக்கிள்ல சுமார் 5 மைல் துரத்திப் பிடிச்சார். வேகத்துக்கான அபராதம் ஒரு ஷில்லிங். நம்ம கணக்குல 13 கி.மீ. வேகம். இன்னைக்கு நம்ம தெரு நாயே அதைவிட வேகமா துரத்தும்!

அடுத்து வந்தது ஸ்டாப் வாட்ச். ரோட்டுல ஒரு தூரத்தை அளந்து வெச்சு, ரெண்டு முனையிலும் போலீஸ் ஒளிஞ்சு நின்னு நேரத்தைக் கணக்குப் பண்ணுவாங்க. இந்தப் பொறியைப் பத்தி வண்டிக்காரங்களை எச்சரிக்கவே 1905-ல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதுதான் ஆட்டோமொபைல் அசோசியேஷன். நம்ம ஜி.என்.டி. ரோட்டுல எதிர்ல வர்றவர் ஹெட்லைட்டை ரெண்டு தடவை அடிச்சு 'முன்னாடி போலீஸ் நிக்குது'ன்னு சொல்றாரே, அந்தப் பாசத்துக்கு 100 வயசுக்கு மேல ஆச்சு.

கேமராவோட கதை இன்னும் வேடிக்கை. மௌரிஸ் காட்சோனிடிஸ் டச்சு நாட்டு கார் பந்தய வீரர். 1953 மான்டே கார்லோ ராலியில் ஜெயிச்சவர். வளைவுல இன்னும் வேகமா போறது எப்படின்னு தெரிஞ்சுக்க, ரோட்டுக்குக் குறுக்கே ரெண்டு ரப்பர் டியூபைப் போட்டு தன் வேகத்தைத் தானே அளந்தார். முதல் டியூப்ல டயர் ஏறினதும் கடிகாரம் ஓடும், ரெண்டாவதுல ஏறினதும் நிக்கும். அவ்வளவுதான் டெக்னாலஜி. 1958-ல் இதையே கம்பெனியா ஆரம்பிச்சார். வேகமா போகக் கண்டுபிடிச்ச கருவி, உலகம் முழுக்க வேகமா போறவங்களைப் பிடிக்கிற கருவியாயிடுச்சு.

இப்ப எங்க உறவுக்கு வர்றேன்.

1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர்னு ஒரு ஆஸ்திரிய விஞ்ஞானி ஒண்ணு சொன்னார். அலையை அனுப்புற பொருள் நம்மை நோக்கி வந்தா அலை நெருக்கமாகும், விலகிப் போனா தளர்வாகும். ஆம்புலன்ஸ் நம்மைக் கடந்ததும் சைரன் சத்தம் இறங்குதே, அதேதான். 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் கனெக்டிகட் போலீஸ் இந்தத் தத்துவத்துல ரேடார் வெச்சு வண்டி வேகத்தை அளக்க ஆரம்பிச்சாங்க. 1950-களில் ஜப்பானின் சடோமுரா அதையே அல்ட்ராசவுண்டாக்கி இதயத்தின் அசைவைப் பார்த்தார். போலீஸ் எங்களை முந்திட்டாங்க!

கர்ப்பிணிகளுக்கு 'டாப்ளர் ஸ்கேன்' எழுதிக் கொடுக்கிறோமே, அதுவும் ரோட்டோர ஸ்பீடு கன்னும் அண்ணன் தம்பி. ரெண்டுக்கும் ஒரே குறையும் உண்டு. நேர் கோட்டுல பார்க்காம சாய்வா பார்த்தா வேகம் குறைச்சலா காட்டும். ரத்தக் குழாயைப் பார்க்கும்போது அந்தக் கோணத்தை நாங்க திருத்தியே ஆகணும். ரோட்டோரம் நிக்கிற ரேடார்ல அந்தப் பிழை டிரைவருக்குச் சாதகம். அதனால 'மெஷின் சாய்வா நின்னுச்சு, அதான் அதிகமா காட்டிடுச்சு'ன்னு சொல்ற வாதம் எடுபடாது.

இப்போ நம்பர் பிளேட்டைப் படிக்கிற கேமரா வந்தாச்சு. ரெண்டு இடத்துல ஒரே வண்டியைப் படம் பிடிச்சு, நடுவுல ஆன நேரத்தை வெச்சு சராசரி வேகம் போட முடியும். கேமராவைப் பார்த்ததும் பிரேக் அடிச்சு, தாண்டினதும் பறக்கிற வித்தை அங்க செல்லாது. யோசிச்சுப் பார்த்தா பழைய ஸ்டாப் வாட்ச் கணக்கேதான்!

சரி, டாக்டர் எதுக்கு இதைப் பேசணும்?

வேகம் ரெண்டு மடங்கானா மோதலின் ஆற்றல் நாலு மடங்காகும். 40-ல் கால் எலும்பு முறிவோட வர வேண்டியவர் 80-ல் கல்லீரல் கிழிஞ்சு வருவார், இல்லேன்னா வரவே மாட்டார். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினா உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு கொண்டு வந்தது. விபத்துல சிக்கினவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம். ஆனா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஆள் உயிரோட வரணுமே.

அதே 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. காஞ்சிபுரம் பக்கம் 2013-ல் டூவீலர்ல போன ஒரு பல் மருத்துவர் மேல பஸ் மோதி 90 சதவீத ஊனம். அவரோட இழப்பீட்டு வழக்குல தொடங்கினது, கடைசியில் எக்ஸ்பிரஸ் சாலைல காருக்கு 120 கி.மீ. அனுமதிச்ச 2018 மத்திய அரசு அறிவிக்கையை ரத்து பண்றதுல முடிஞ்சது. எஞ்சினும் ரோடும் முன்னேறிடுச்சுன்னு அரசுத் தரப்பு சொன்னதை நீதிபதிகள் ஏத்துக்கல. ஓட்டுறவங்க முன்னேறணுமேன்னு கேட்டாங்க.

அதே ஆகஸ்ட்ல மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் 167ஏ-வைச் சேர்த்தது. கேமரா வழக்குக்கு இதுதான் அடிப்படை. கருவிக்கு வருஷா வருஷம் தரச் சான்று வேணும். கேமரா இருக்குன்னு முன்னாடியே போர்டு வைக்கணும். 15 நாளுக்குள்ள நோட்டீஸ் வரணும். உங்களுக்கு இ-சலான் வந்தா இதையெல்லாம் கேளுங்க, அது உங்க உரிமை. 2023 ஜூன்ல சென்னையில் பகல்ல 40 கி.மீ.ன்னு சொன்னப்போ ஜனங்க கேட்டாங்க. நவம்பர்ல காருக்கு 60, டூவீலருக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவுக்கு 30-ன்னு மாத்தினாங்க. கேட்டா நடக்கும்.

இனி காட்டுப்பள்ளி. இங்க வேகத்தைவிட எனக்கு அதிக பயம், நிக்கிற வண்டி மேலதான். ராத்திரி, ரோட்டோரம், பின் விளக்கு இல்லாம நிக்கிற டிரெய்லர். 80 கி.மீ.-ல வர்ற பைக் ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போகும். அந்த இருட்டு உருவம் லாரின்னு மூளைக்கு உறைக்கவே ஒரு செகண்டுக்கு மேல ஆயிடும். டிரைவரையும் முழுசா குத்தம் சொல்ல மாட்டேன். வரிசைல நாள் கணக்கா காத்திருக்கிறவர் தூங்க எங்க போவார்?

167ஏ பட்டியல்ல வேகம் மட்டும் இல்லை. தடை செஞ்ச இடத்துல நிறுத்துறது, ஆம்புலன்ஸுக்கு வழி விடாதது, அதிக பாரம், ஹெல்மெட் எல்லாமே கேமராவால பதிவு பண்ணலாம். இப்போ எண்ணூர் துறைமுகத்துல இருந்து தச்சூர் வரைக்கும் சென்னை எல்லைச் சாலையோட முதல் பகுதி வருது. அங்க கேமரா வைக்கும்போது ஓடுற லேனை மட்டும் பார்க்காம, ஓரத்தையும் பார்க்கிற மாதிரி திருப்பி வைங்க. கூடவே லாரி நிறுத்த இடமும், டிரைவர் படுக்க ஒரு கூரையும், ஒரு கழிப்பறையும் கட்டிட்டு அப்புறம் சலான் அனுப்புங்க. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் இருக்கிறவங்க இதை உங்க எம்.எல்.ஏ., கலெக்டர் காதுல போடுங்க.