மொரீஷியஸ் தீவில் ஒரு பகல்

இந்துமாக் கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, கரும்பின் பசுமை போர்த்து நிற்கும் சிறு நிலப்பரப்பே மொரீஷியஸ். நீளம் சுமார் 65 கிலோமீட்டர். அகலம் சுமார் 45. காலையிற் புறப்படுவோர் கதிர் சாயுமுன் அதன் நாட்டுப்புறத்தை ஒருவாறு கண்டு திரும்பலாம். ஆயின், அப்பகற்பொழுதில் நாம் காண்பது ஏறக்குறைய முந்நூறாண்டு வரலாறாகும்.

பயணத்தைத் தலைநகராகிய போர்ட் லூயியில் தொடங்குவோம். 1598-இல் இத்தீவுக்குப் பெயரிட்ட டச்சுக்காரர் 1710-இல் இதனைக் கைவிட்டனர். 1715-இல் பிரெஞ்சுக்காரர் உரிமை கொண்டாடினர். 1735-இல் ஆளுநராக வந்த லபூர்தொனே இத்துறைமுகத்தை எழுப்ப முற்பட்டபோது, கல் தச்சரும் மரத் தச்சரும் புதுச்சேரியிலிருந்து வரவழைக்கப்பட்டனர். ஆகவே, கரும்புக் கூலிகளின் காலத்துக்கு நூறாண்டு முன்னரே தமிழன் கை இந்நகரின் சுவர்களிற் பதிந்துவிட்டது. அக்காலத்தில் அடிமைகளாக விற்கப்பட்டு வந்த தமிழரும் உளர். நகரின் கிழக்குப் பகுதி ‘மலபார்’ முகாம் எனப் பெயர் பெற்றது. தென்னிந்தியரைப் பிரெஞ்சுக்காரர் அழைத்த பெயர் அதுவே.

துறைமுகத்தின் ஓரத்தே பதினாறு கற்படிகள் உள்ளன. அவ்விடமே ஆப்பிரவாசி காட். முன்னாளிற் ‘கூலி காட்’ எனப்பட்டது. 1810-இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1835-இல் அடிமை முறையை ஒழித்தனர். தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! 1834 நவம்பர் 2-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து ‘அட்லஸ்’ கப்பல் 36 ஒப்பந்தக் கூலிகளைக் கொணர்ந்தது. அதன்பின் வந்தோர் தொகை ஏறத்தாழ நாலரை லட்சம். கல்கத்தாவுக்கு அடுத்தபடியாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்தே மிகுதியானோர் வந்தனர். 2006-இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

வடக்கே பாம்பிள்மூஸ் தோட்டத்தில் தாம்பாளம் போன்ற பேரிலை விரித்த அல்லிக் குளத்தைக் கண்டு, கரும்புக் காட்டினூடே செல்வோம். வயல்களின் நடுவே கோபுரம்போற் குவிந்த கருங்கற் குவியல்களைக் காண்போர், இவை எக்கோயிலின் எச்சமோ என ஐயுறுவர். கோயிலன்று, எரிமலைப் பாறை நிறைந்த நிலத்தைக் கரும்புக்குப் பண்படுத்துவதற்காக உழைப்பாளிகள் கையாற் பொறுக்கி அடுக்கியவை அவை. ஒரு நாள் வேலைக்கு வாராதவனிடம் இரு நாட் கூலியைப் பிடித்துக்கொள்ளும் கொடுமையும் அன்றிருந்தது. 1871-இல் தெ பிளெவிட்ஸ் என்னும் தோட்டக்காரரின் துணையுடன் 9,401 பேர் தம் குறைகளை விண்ணப்பமாக அளித்தனர். அதன் பயனாக அரச விசாரணைக் குழு தீவுக்கு வந்தது.

உச்சிவேளையில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் விழா விருந்தில் அமர்வோர்க்கு வியப்புக் காத்திருக்கிறது. வாழையிலையில் ஏழு கறி பரிமாறப்படும். பேசுவது கிரியோல் மொழி. ஆயின், அம்மொழியிலேயே ‘ரசோன்’ என்பது நம் ரசம், ‘முரூம்’ என்பது முருங்கை, ‘பிப்பங்காய்’ என்பது பீர்க்கங்காய்! நாவிலிருந்து மொழி நழுவிய பின்னரும் அடுக்களையில் அது ஒளிந்து வாழ்கிறது.

பிற்பகலில் கத்ர் போர்ன் ஊரருகே கோர் த கார்த் மலைச்சரிவில் முருகன் கோயிலைக் காண்போம். தைப்பூசத்தன்று காவடிகள் அம்மலையேறும். அந்நாள் தீவெங்கும் அரசு விடுமுறை. மாலையில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தை அடைவோம். வந்திறங்கியோரின் பெயர், தந்தை பெயர், ஊர், அங்க அடையாளம் யாவும் எழுதிய பேரேடுகளும், பலருடைய நிழற்படங்களும் ஆங்குக் காக்கப்படுகின்றன. கப்பலேறிய பாட்டனின் பெயரே பின்னர்க் குடும்பப் பெயராகிப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருமாறிவிட்டது. எனினும், அப்பேரேட்டைப் புரட்டித் தம் மூதூரை அறிந்துகொள்ளும் பேரப் பிள்ளைகள் இன்றும் வருகின்றனர்.

1968 மார்ச் 12-இல் தீவு விடுதலை பெற்றது. அதன் நாணயத் தாள்களில் தமிழும் இடம்பெற்றுள்ளது. 1998-இல் வெளியான தாள்களில் தமிழ் இந்திக்குப் பின்னே தள்ளப்பட்டபோது, தமிழ் மக்கள் கிளர்ந்தெழுந்தனர்; தாள்கள் மீட்கப்பட்டு, பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சாயின. அதற்காகக் குரல் எழுப்பியோருட் பலர்க்கு வீட்டில் வழங்கும் மொழி கிரியோலே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுத்தின் மீதுள்ள பற்று எளிதில் அழிவதில்லை. ஆயின், பற்று மட்டும் பேச்சைக் காப்பதுமில்லை.

அத்தீவினர் கடல் கடந்தவர்; திரும்பும் வழியற்று, தோட்டத்து வேலையிடையே, கோயிலையும் விருந்தையும் காத்தனர். நாமோ இரண்டு நாள் ரயிற் பயணத் தொலைவிலேயே வாழ்கின்றோம். பொங்கலும் காவடியும் நம் காலனியில் குறைவின்றி நடைபெறுகின்றன, அது நன்றே. ஆயினும், அடுக்களையில் ரசம் என்ற சொல் மட்டும் எஞ்சும் நிலை நம் பேரர்க்கு வாராதிருக்க, அந்த ரசத்தைப் பரிமாறும்போது அவர்களுடன் தமிழிற் பேசுவோமாக.