பெயர் வந்த கதை

லண்டனில் வேலையாக இருக்கும் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் வனெஸ்ஸா என்று பெயர் வைத்துவிட்டார்கள். தாத்தாவான என் நண்பருக்கு அந்தப் பெயர் வாயில் நுழைவதற்கே ஒரு வாரம் பிடித்ததாம். "நீர் நாவல் எழுதுகிறவராயிற்றே, இந்தப் பெயருக்கு என்ன ஐயா அர்த்தம்? வண்ணத்துப்பூச்சி என்று மருமகள் சொல்கிறாள். வாஸ்தவந்தானா?" என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதினார்.

நாவலாசிரியன் என்றால் பெயர்களுக்கெல்லாம் அகராதி என்று அவர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஆனாலும் கேள்வி சரியான விலாசத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. ஏனென்றால் அந்தப் பெயரை உண்டாக்கியவரும் ஓர் எழுத்தாளர்தான். முருகன் என்ற பெயரை முதன்முதலில் சூட்டியவர் யார் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. மேரி, எலிஸபெத் எல்லாம் அப்படித்தான். வனெஸ்ஸா அப்படியல்ல. அதை யார் செய்தார், எந்தப் பெண்ணுக்காகச் செய்தார், எதற்காகச் செய்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். எதற்காக என்பதுதான் கொஞ்சம் மனத்தைச் சங்கடப்படுத்துகிற விஷயம்.

ஆறு அங்குல மனிதர்களின் நாட்டில் கரையொதுங்கிய கலிவரின் கதையைச் சிறு வயதில் கேட்காதவர்கள் குறைவு. அதை எழுதிய ஜோனதன் ஸ்விப்ட் 1667-ல் டப்ளினில் பிறந்தவர், பாதிரியார். 1710-க்குப் பிறகு சில வருஷங்கள் லண்டனில் தங்கி, மந்திரிகளுக்குப் பக்கபலமாகப் பேனா பிடித்தார். அந்த நாட்களில் அவர் அடிக்கடி போய்ச் சாப்பிட்ட வீடு, வான்ஹோம்ரி என்ற குடும்பத்தினுடையது. குடும்பத் தலைவர் பார்த்தலோமியு ஹாலந்திலிருந்து வந்து, டப்ளினில் வியாபாரம் செய்து பெரும் பொருள் சேர்த்து, 1697-ல் அந்நகரத்து மேயராகவும் ஆனவர். அவர் 1703-ல் காலமான பிறகு, அவருடைய மனைவி குழந்தைகளை அழைத்துக்கொண்டு லண்டனுக்குக் குடிபோனாள். மூத்த பெண்ணின் பெயர் எஸ்தர்.

இதே காலத்தில் ஸ்விப்ட் டப்ளினிலிருந்த இன்னொரு பெண்ணுக்கு நாள் தவறாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவள் பெயரும் எஸ்தர்தான், எஸ்தர் ஜான்ஸன். அவளை எட்டு வயதுச் சிறுமியாயிருந்த காலத்திலிருந்து அவருக்குத் தெரியும். எழுத்தும் படிப்பும் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அவளை அவர் ஸ்டெல்லா, அதாவது நட்சத்திரம், என்று அழைத்தார். இன்று யாரைப் பார்த்தேன், மந்திரி என்ன சொன்னார், எங்கே சாப்பிட்டேன் என்று ஒன்று விடாமல் அவளுக்கு எழுதுவார். வான்ஹோம்ரி வீட்டுச் சாப்பாடும் அந்தக் கடிதங்களில் வருகிறது. வெயிலில் நடந்து வந்த அலுப்பு, என் நல்ல அங்கியும் பொய்முடியும் அங்கேதான் இருக்கின்றன, சும்மா சோம்பலால் அங்கேயே சாப்பிட்டுவிட்டேன் என்றெல்லாம் காரணங்கள் சொல்கிறார். ஆனால் அந்த வீட்டில் இருபத்து மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள் என்பது மட்டும் அநேகமாகக் கண்ணில் படுவதே இல்லை. சோம்பலுக்கு இத்தனை விளக்கம் எழுதுகிற மனிதரைக் கண்டால் கதை எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

இரண்டு எஸ்தர்கள். ஒருத்திக்கு அவர் தந்த பெயர் நட்சத்திரம். அடுத்தவளுக்கு என்ன செய்வது? வான்ஹோம்ரி என்பதில் முதலிலுள்ள 'வான்' என்பதை எடுத்தார். எஸ்தரைச் சுருக்கி 'எஸ்ஸா' என்று செய்துகொண்டார். இரண்டையும் ஒட்டினார். வனெஸ்ஸா பிறந்துவிட்டது. அதற்கு முன் உலகத்தில் எந்தப் பாஷையிலும் அந்தப் பெயர் கொண்ட பெண் இருந்ததில்லை.

1713-ல் ஸ்விப்ட் டப்ளின் செயின்ட் பாட்ரிக் தேவாலயத்துக்கு டீன் ஆனார். அவள்மேல் ஒரு நீண்ட கவிதை எழுதியது அதையொட்டிய சமயத்தில்தான். கவிதையில் தமக்கும் ஒரு முகமூடி போட்டுக்கொண்டார். டீன் பதவிக்கு லத்தீனில் 'டெகானஸ்' என்று பெயர். அந்த எழுத்துக்களைக் கலைத்துப் போட்டால் 'கடேனஸ்' வரும். கவிதைக்குப் பெயர் 'கடேனஸும் வனெஸ்ஸாவும்'. காதல் தேவதையான வீனஸ் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, அவளுக்கு வனெஸ்ஸா என்று பெயரிட்டு, பூலோகத்தில் அவளுக்கு வழங்கும் பெயர் ரகசியமாகவே இருக்கும் என்று சொல்லிவிடுகிறாள். கலைமகளுக்குச் சமமான பாலஸ் தேவியை ஏமாற்றி ஆண்பிள்ளைக்குரிய அறிவையும் அவளுக்கு வாங்கித் தருகிறாள். பெண் வளர்ந்து, தனக்குப் பாடம் சொல்லும் கடேனஸைக் காதலிக்கிறாள். அவனுக்கு நாற்பத்து நாலு வயது; அவளுக்கு இருபதுகூட ஆகவில்லை. அவன் சிநேகம் தருகிறேன் என்கிறான். அவளோ கேட்டது அது அல்ல. முடிவு என்ன ஆயிற்று என்பதை மட்டும் உலகத்துக்குச் சொல்வதற்கில்லை என்று கவிஞர் கையை விரித்துவிடுகிறார்.

தம் வயதை ஏறக்குறைய உள்ளபடி சொன்னவர் அவள் வயதில் ஏன் நாலைந்தைக் குறைத்தார்? அறியாத சிறு பெண்ணின் மயக்கம் என்று ஆகிவிட்டால் தம் பொறுப்பும் குறையுமே என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பழைய அகப்பாட்டுக்களில் காதலர் பெயரைச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியர் விதி செய்தார். அது காதல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்பதற்காக. ஸ்விப்ட் பெயரை மறைத்தது அதற்காக அல்ல.

1714-ல் தாயார் இறந்ததும் எஸ்தர், தங்கை மேரியுடன் அயர்லாந்துக்குப் புறப்பட்டாள். அங்கே வந்தால் உன்னை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும் என்று ஸ்விப்ட் முன்கூட்டியே எழுதியிருந்தார். அப்படியும் போனாள். டப்ளினுக்கு மேற்கே ஸெல்பிரிட்ஜ் என்ற ஊரில், லிப்பி நதிக்கரையில் தகப்பனார் வாங்கி வைத்த வீடு இருந்தது. நகரத்தில் ஸ்டெல்லா; நதிக்கரையில் வனெஸ்ஸா. ஒன்பது வருஷம் இப்படிப் போயிற்று.

அந்தக் கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. வால்டர் ஸ்காட் 1814-ல் சிலவற்றை வெளியிட்டார். முழுத் தொகுதி 1921-ல் வந்தது. படித்தால் அவர் கடிதங்களில் காப்பி வருகிறது, திரும்பத் திரும்ப வருகிறது. கிடைக்கும்போது காப்பியைக் குடித்துவிட வேண்டும், கிடைக்காதபோது அது இல்லாமலும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று ஓரிடத்தில் உபதேசம் செய்கிறார். காப்பி என்றால் வேறு ஏதோ ஒன்றுக்குச் சங்கேதம் என்று ஆராய்ச்சிக்காரர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். காலைக் காப்பி தாமதமானாலே உலகம் இருண்டுவிடுகிற நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால், காப்பி என்றால் காப்பிதான் என்பார்கள்! அவளுடைய கடிதங்களில் இந்த விளையாட்டெல்லாம் இல்லை. வாருங்கள், இல்லாவிட்டால் ஒரு வரி எழுதுங்கள், உங்கள் மௌனம் என்னைக் கொல்லுகிறது: இதுதான் சாரம். 1721-ல் தங்கை மேரியும் போய்விட்டாள்.

கடைசியில் எஸ்தர் பொறுக்கமாட்டாமல், நீங்கள் ஸ்டெல்லாவை ரகசியமாக மணந்துகொண்டீர்களா என்று கேட்டு எழுதினாள் என்றும், ஸ்விப்ட் அந்தக் கடிதத்தோடு குதிரையேறி வந்து, அதை மேஜைமேல் வீசி எறிந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார் என்றும் ஒரு கதை உண்டு. எல்லாப் புத்தகங்களிலும் இதைக் காணலாம். கண்ணால் கண்டவர் எழுதியது அல்ல. பின்னால் வந்தவர்கள் சொன்னது. நாடக மேடைக்கு இத்தனை பொருத்தமாக ஒரு காட்சி அமைந்தால் எனக்கு நம்பத் தயக்கமாயிருக்கிறது.

சந்தேகமில்லாத சாட்சி ஒன்று இருக்கிறது. 1723 மே முதல் தேதி அவள் எழுதி வைத்த உயில் அது. சொத்தின் பெரும் பகுதியை இரண்டு பேருக்கு எழுதினாள். ஒருவர் ராபர்ட் மார்ஷல் என்ற வழக்கறிஞர். மற்றொருவர் ஜார்ஜ் பெர்க்லி, தத்துவ சாஸ்திரத்தில் புகழ்பெற்ற அதே பெர்க்லி. அவருக்கு அந்தப் பெண்ணோடு பேசிப் பழக்கமே கிடையாது. செய்தி வந்ததும் திகைத்துப் போனார். உயிலில் நண்பர்கள் பலருக்கும் ஏதாவது விட்டுப் போயிருக்கிறாள். ஸ்விப்டின் பெயர் எங்கும் இல்லை. அவளுடைய பெயரைக் கவிதையில் சொல்லாமல் மறைத்தவருக்கு அவள் தந்த பதில் அதுவாக இருக்கலாம். ஜூன் 2-ஆம் தேதி, முப்பத்தைந்து வயதில் இறந்தாள்.

அதன் பிறகு கவிதை கைப்பிரதியாக ஊர் சுற்றி 1726-ல் அச்சேறியது. கலிவர் வெளிவந்ததும் அதே வருஷத்தில்தான். வனெஸ்ஸா அசாதாரணமான பெண்ணாயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் டீன் இத்தனை அழகாக எழுதியிருப்பாரா என்று யாரோ ஸ்டெல்லாவிடம் சொன்னார்களாம். டீன் துடைப்பக்கட்டையைப் பற்றிக்கூட அழகாக எழுதுவாரே என்றாளாம் அவள். ஸ்விப்ட் துடைப்பத்தைப் பற்றி உண்மையாகவே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்! அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு இருந்திருக்கும்! ஸ்டெல்லாவும் 1728 ஜனவரியில் காலமானாள். செயின்ட் பாட்ரிக் தேவாலயத்தில் ஸ்விப்டின் சமாதி அவள் சமாதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பிறகு பெயர் வெகு காலம் புத்தகத்திலேயே கிடந்தது. அபூர்வமாக யாராவது பெண்ணுக்கு வைப்பார்கள், அவ்வளவுதான். 1879-ல் லண்டனில் லெஸ்லி ஸ்டீபன் என்ற அறிஞரின் வீட்டில் ஒரு வனெஸ்ஸா பிறந்தாள். அவர் மனைவிக்கு முதல் விவாகத்தில் பிறந்த பத்து வயதுப் பெண் ஒருத்தி அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தாள். அவள் பெயர் ஸ்டெல்லா! மூன்று வருஷம் கழித்து ஸ்டீபன் ஸ்விப்டின் வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதினார். அந்த வனெஸ்ஸா பின்னாளில் சித்திரக்காரி வனெஸ்ஸா பெல் ஆனாள். அவளுடைய தங்கைதான் நாவலாசிரியை வர்ஜீனியா உல்ப். ஸ்விப்ட் ஸ்டெல்லாவுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி வர்ஜீனியா 1932-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாள். இரண்டு அக்காமார்களின் பெயர்களையும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஹ்யூ வால்போல் 1933-ல் 'வனெஸ்ஸா' என்றே ஒரு நாவல் எழுதினார். 1937-ல் பிறந்த வனெஸ்ஸா ரெட்கிரேவ் நடிகையாகி உலகப் புகழ் பெற்றார். அமெரிக்காவில் பெண் குழந்தைகளின் பெயர்களில் முதல் ஆயிரத்துக்குள் அது இடம்பிடித்ததே 1950-ல்தான். 1980-களிலோ முதல் நூறுக்குள் சாதாரணமாக நின்றது. ஒரே ஒரு பெண்ணுக்காக, அவளை மறைப்பதற்காகச் செய்த பெயர் பள்ளிக்கூட ஆஜர் பட்டியலுக்கு வந்துவிட்டது.

வண்ணத்துப்பூச்சி விஷயத்துக்கு வருகிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த பாப்ரீஷியஸ் என்ற பூச்சியியல் நிபுணர் 1807-ல் ஒரு வண்ணத்துப்பூச்சி இனத்துக்கு வனெஸ்ஸா என்று பெயர் வைத்தார். பெயர் அச்சேறி எண்பத்தொரு வருஷம் ஆன பிறகு! ஆகவே பெண்ணின் பெயர்தான் பூச்சிக்குப் போயிற்றே தவிர, பூச்சியின் பெயர் பெண்ணுக்கு வரவில்லை. குழந்தைப் பெயர்ப் புத்தகக்காரர்கள் இதைத் தலைகீழாக்கி 'வண்ணத்துப்பூச்சி' என்று அர்த்தம் அச்சிடுகிறார்கள். இன்னும் சிலர் பானெஸ் என்ற கிரேக்க தெய்வத்திடம் கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறார்கள். அந்த இனத்தில் ஒன்று நம் நீலகிரியிலும் பறக்கிறது. கறுப்புச் சிறகில் செம்மஞ்சள் பட்டை போட்டிருக்கும். ஊட்டிக்குப் போனவர்கள் பெயர் தெரியாமலே பார்த்திருப்பார்கள்.

இவ்வளவையும் நண்பருக்கு எழுதினேன். பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. "விவரமெல்லாம் படித்தேன். மருமகளிடம் சொல்லவில்லை, வண்ணத்துப்பூச்சியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த ஸெல்பிரிட்ஜ் என்கிற ஊர் டப்ளினிலிருந்து எத்தனை மைல்? நான் அங்கே போகிறபோது பையனை அழைத்துப் போகச் சொல்லலாமா என்று பார்க்கிறேன்."

பதின்மூன்று மைல் இருக்கும் என்று எழுதிப் போட்டேன்.