தோலுக்கும் விஷத்திற்கும்

பாம்பு பிடிப்பவர் என்றதும் மகுடியும் மந்திரமும் மூலிகை வேரும் நம்மவர் நினைவில் வந்து நின்றுவிடுகின்றன. ஆனால் வீதியில் கூடையைத் திறந்து வித்தை காட்டிய பிடாரனுக்கும், ஒரு கடப்பாரையும் ஒரு துணிப்பையும் மட்டுமே துணையாகச் செங்கற்பட்டுச் சீமையின் புதர்க்காடுகளிலும் வயல் வரப்புகளிலும் பாம்பு தேடி நடக்கும் இருளர் பழங்குடியினருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இருளரின் வித்தை மண்ணைப் படிப்பதில் இருக்கிறது. எலிவளையின் வாயில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தால், அண்மையில் எதுவும் உள்ளே புகவில்லை என்று தெளிந்து அடுத்த வளைக்குப் போய்விடுவார். விளிம்பு மண் வழவழப்பாகத் தேய்ந்து, தூசியில் மெல்லிய கோடொன்று ஓடியிருந்தாலோ, குந்தி உட்கார்ந்து, பக்கத்தில் கிடக்கும் எச்சத்தையும் உரித்த சட்டையையும் புரட்டிப் பார்த்து, உள்ளே இருப்பது இன்ன ஜாதி, இன்ன பருமன் என்று அனுமானித்த பிறகுதான் கடப்பாரையை ஊன்றுவார். கண்ணாடி விரியனைக் கற்றாழைப் புதரடியிலும், சுருட்டை விரியனை வறண்ட நிலத்துக் கல்லடியிலும், கட்டுவிரியனை வரப்பு வளையிலும், நல்ல பாம்பைப் புற்றிலும் தேட வேண்டும் என்பது அங்கே சிறுபிள்ளைகளுக்கும் பாடம். பெண்களும் இந்தத் தொழிலில் பின்வாங்கியவர்கள் அல்லர்.

1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் காடுகள் ஒவ்வொன்றாகச் சர்க்காரின் காப்புக்காடுகளாக மாற, தேனும் கிழங்கும் விறகும் தேடிப் பிழைத்த இந்த ஜனங்களின் ஜீவனோபாயம் சுருங்கியது. அந்த நிலையில்தான், ஐரோப்பியச் சீமாட்டிகளின் கைப்பைக்கும் காலணிக்கும் பாம்புத் தோல் வேண்டுமென்று வியாபாரிகள் வந்து சேர்ந்தார்கள். சாரையும் நாகமும் லட்சக்கணக்கில் தோலாகிக் கப்பலேறின; லாபமெல்லாம் பதனிடுபவரிடமும் ஏற்றுமதி செய்பவரிடமும் தங்கிவிட, புற்றை வெட்டியவருக்குக் கிடைத்தது சில்லறைக் காசு. அந்தச் சில்லறையை நம்பித்தான் குடும்பங்கள் அடுப்பு மூட்டின என்பதையும் மறந்துவிடலாகாது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்து, 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடைப்பட்டபோது, அந்தக் காசும் நின்றது. பாம்பைக் காத்த சட்டத்தை நான் குறைகூற மாட்டேன். பாம்பைப் பிடித்துக் கொடுத்தவர் மறுநாள் எதை உண்பார் என்று கேட்கும் ஷரத்து ஒன்று அந்தச் சட்டத்தில் இல்லாமற் போனதுதான் எனக்கு உறுத்துகிறது.

அந்தக் கேள்வியைச் சட்டத்திற்கு வெளியே கேட்டவர், சென்னையில் பாம்புப் பண்ணை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர். அவருடைய முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, வடநெம்மேலியில் இருந்த முதலைப் பண்ணையின் வளாகத்திலேயே இயங்கத் தொடங்கியது. கொண்டுவரப்படும் பாம்பை மண்பானையில் வைத்து, பானையின் வாயைத் துணியால் கட்டி, சில வாரங்கள் பாதுகாக்கிறார்கள். சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்கச் செய்து, நாளிடைவெளி விட்டு விஷம் எடுக்கிறார்கள். பிறகு, மறுபடி பிடிபட்டால் அடையாளம் தெரியும்படி வயிற்றுச் செதிலில் சிறிது கத்தரித்துவிட்டு, காட்டிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். விஷம் உலர்த்திப் பொடியாக்கப்பட்டு மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது; அங்கே குதிரைகளின் உடலில் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டு, அவற்றின் இரத்தத்திலிருந்து முறிமருந்து பிறக்கிறது. ஆண்டுதோறும் ஏறக்குறைய 58,000 பேர் பாம்புக்கடியால் மாளுகிற தேசத்தில் இது அற்பமான காரியமன்று. தோலுக்காகத் தேடியபோது பாம்பு செத்தது, தேடியவரும் ஏழையாகவே இருந்தார். விஷத்திற்காகத் தேடும்போது பாம்பு பிழைக்கிறது. தேடியவரின் ஏழ்மை தீர்ந்ததா என்றால், எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று வனத்துறை வழங்கும் அனுமதிச் சீட்டைப் பார்த்துத்தான் அவர் இன்றும் கணக்குப் போடுகிறார்.

2017-இல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவிற்கு அழைக்கப்பட்டு, முன்பின் கண்டிராத சதுப்பு நிலத்தில், அந்நாட்டில் பெருகித் தொல்லை தந்த பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருதோடு இந்த வித்தையின் தேவை முடிந்துவிடவில்லை. பிரதேசத்துக்குப் பிரதேசம் ஒரே ஜாதிப் பாம்பின் விஷமும் வேறுபடுவதால், செங்கற்பட்டுச் சர்ப்பத்தின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்து ராஜஸ்தானத்துக் கடிக்கும் வங்காளத்துக் கடிக்கும் முழுதாகப் பலிப்பதில்லை என்று விஞ்ஞானிகள் இப்போது கண்டிருக்கிறார்கள். அந்தந்தச் சீமையின் விஷம் வேண்டுமானால், அந்தந்தச் சீமையின் வளைவாயை அறிந்த ஒருவர் முதலில் கடப்பாரையோடு புறப்பட்டாக வேண்டும்.