ராஜா வராத வாசல்

ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் ஞாயிற்றுக்கிழமை கேட்வே ஆஃப் இந்தியாதான். மும்பையில் குடும்பம் நடத்தும் நம்மவர்கள் எல்லார் வீட்டிலும் இதே கதைதானே! புறாக்களோடு ஒரு போட்டோ, தாஜ் ஹோட்டல் முன்னால் ஒரு போட்டோ, நேரமிருந்தால் எலிபெண்டா படகு, திரும்பும் வழியில் மாதுங்காவில் ஒரு ஃபில்டர் காபி. பதினைந்து வருஷத்தில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. (கணக்கு பார்ப்பதே என் பிழைப்பு என்பது வேறு விஷயம்.)

பாளையங்கோட்டையிலிருந்து அப்பா வந்திருந்தபோதும் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போட்டோ எடுப்பவர் ஒருவர், "இந்த வாசல் வழியாத்தான் இங்கிலாந்து ராஜா வந்தார்" என்று ஹிந்தியில் சொன்னார். நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். உடனே என் பெண், "இல்லை தாத்தா, ராஜா வந்தது 1911. இதைத் திறந்தது 1924. ஸ்கூல்ல படிச்சேன்" என்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ ஏல, இதை எதுக்குல கட்டினான்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன்.

பெண் சொன்னது சரி. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தில்லி தர்பாருக்குப் போகும் வழியில் 1911 டிசம்பர் 2 அன்று அப்போலோ பந்தரில் வந்து இறங்கினார். அன்றைக்கு அவர் பார்த்தது அட்டையில் செய்த ஒரு மாதிரி வாசலைத்தான். அசலுக்கு அடிக்கல் நாட்டியது 1913-இல். ஜார்ஜ் விட்டெட் என்பவரின் வரைபடம் 1914-இல் ஒப்புதலானது. அதற்கப்புறம் கடலைத் தூர்த்து, அஸ்திவாரம் போட்டு முடிக்கவே 1920 ஆகிவிட்டது. மஞ்சள் பசால்ட் கல்லும் கான்கிரீட்டுமாக 26 மீட்டர் உயரத்துக்கு எழுப்பி, 1924 டிசம்பர் 4-இல் வைஸ்ராய் ரீடிங் பிரபு திறந்து வைத்தார். ஐந்தாம் ஜார்ஜ் அதற்குப் பிறகு இந்தியா பக்கமே வரவில்லை. யாருக்காகக் கட்டினார்களோ அவர் இதன் வழியாக ஒருநாளும் நடக்கவில்லை!

செலவு 21 லட்சம் ரூபாய் என்கிறார்கள். கட்டிடத்தோடு பணம் தீர்ந்துபோய், நேராக வந்து சேரும் சாலையைப் போடவே முடியவில்லையாம். இன்றைக்கும் நடந்து வரும்போது வாசல் கொஞ்சம் கோணலாக நிற்பது தெரியும். லோன் ஃபைல்களில் பாதிக் கட்டிடத்தோடு பணம் தீர்ந்துபோகும் கேஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். சாம்ராஜ்யமே ஆனாலும் எஸ்டிமேட் எஸ்டிமேட்தான் :-)

சரி, வெள்ளைக்காரன்தான் இப்படி என்றால் மற்றவர்களும் அதே கதைதான். பாரிஸில் இருக்கும் வெற்றி வளைவை நெப்போலியன் 1806-இல் கட்டச் சொன்னார். 1810-இல் புது மனைவியோடு ஊருக்குள் வரும்போது வளைவு பாதிகூட எழும்பவில்லை. மரத்தாலும் துணியாலும் முழு அளவில் ஒரு போலி வளைவு செய்து நிறுத்தினார்கள். நம் மும்பை அட்டை வாசலுக்கு அதுதான் அண்ணன் போலிருக்கிறது. வேலை முடிந்தது 1836-இல். அவரோ 1821-லேயே செயிண்ட் ஹெலினா தீவில் கைதியாக இறந்துவிட்டார். 1840-இல் அவர் உடலைக் கொண்டுவந்தபோது ஊர்வலம் அந்த வளைவின் வழியே போனது. ரோம் நகரில் டைட்டஸ் வளைவு இன்னும் பழசு. ஜெருசலேம் கோயிலைக் கொள்ளையடித்து ஏழு கிளை விளக்கைத் தூக்கிவரும் சிற்பம் அதில்தான் இருக்கிறது. டைட்டஸ் கி.பி. 81-இல் இறந்த பிறகு தம்பி டொமிஷியன் எழுப்பியது அது. தோற்றவர்களின் வம்சத்தில் வந்த ரோம் யூதர்கள் அதன் அடியில் நடப்பதில்லை என்றே தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்.

நம் கேட்வே வழியாக முறைப்படி அணிவகுத்துப் போனவர்கள் யார் தெரியுமா? 1948 பிப்ரவரி 28-இல் சோமர்செட் லைட் இன்ஃபன்ட்ரி. சுதந்திர இந்தியாவை விட்டுக் கிளம்பிய கடைசி பிரிட்டிஷ் படை. இந்தியப் படைகள் மரியாதை செலுத்த, இந்த வளைவின் கீழ் நடந்து போய்ப் படகேறினார்கள். இதே வாசலை வெள்ளியில் சின்னதாகச் செய்து நினைவுப் பரிசாகவும் கொடுத்து அனுப்பினார்கள். வரவேற்கக் கட்டியது, வழியனுப்பப் பயன்பட்டது.

இதை ஃபோனில் சொன்னதும் அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். "நல்லா வேணும்" என்றார். ஆனால் படிக்கும்போது இன்னொன்று கிடைத்திருந்தது. அதைச் சொன்னபோது அவர் பேச்சே நின்றுவிட்டது.

அந்தக் காலப் பட்டாளத்தில் 63-ஆவது பாளம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி என்று ஒன்று இருந்தது. எங்கள் பாளையங்கோட்டையின் பெயர்தான். முதல் உலகப்போர் ஆரம்பித்ததும் ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அவர்களை அனுப்பினார்கள். 1914 அக்டோபர் 16-இல் கப்பல்கள் இதே பம்பாய்த் துறைமுகத்திலிருந்து கிளம்பின. வாசலுக்கு அடிக்கல் மட்டும் இருந்த வருஷம் அது. நவம்பர் முதல் வாரத்தில், இன்றைய தான்சானியாவிலுள்ள தாங்காவில் அந்தப் படையெடுப்பு படுதோல்வி. எதிரே இருந்தவர்கள் எண்ணிக்கையில் மிகவும் குறைவு, ஆனாலும் தயாராக இருந்தார்கள். நம்மவர்கள் பல நாள் கப்பலில் அடைபட்டுக் கிடந்து இறங்கியவர்கள்.

தில்லி இந்தியா கேட்டில் அவர்கள் பெயர் இருக்குமா என்று அப்பா கேட்டார். 1931-இல் திறந்த அந்த 42 மீட்டர் வளைவு, போரில் மாண்ட 70,000 இந்திய வீரர்களுக்கும் பொதுவான நினைவுச் சின்னம். ஆனால் கல்லில் வெட்டியிருப்பது சுமார் 13,300 பெயர்கள். அதில் பெரும்பகுதி வடமேற்கு எல்லைப் பக்கம் இறந்தவர்கள். கடல் கடந்து போய் மாண்டவர்களில் பெரும்பாலோரின் பெயர் அந்தந்த நாட்டு நினைவிடங்களில்தான். தாங்காவிலும் ஒன்று இருக்கிறது.

"அங்க எவன் போய்ப் பார்ப்பான்?" என்றார் அப்பா.

அடுத்த தடவை வந்தபோது அவரே, "கேட்வேக்குப் போவோமா?" என்று கேட்டார். இந்த முறை போட்டோ வேண்டாம் என்றுவிட்டார். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படகுகள் கிளம்பும் பக்கமாகக் கடலைப் பார்த்து ரொம்ப நேரம் நின்றார்.