ஆர்வோ பேர்ட்

ஆர்வோ பேர்ட் (பிறப்பு: செப்டம்பர் 11, 1935) எஸ்தோனியாவைச் சேர்ந்த மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர் ஆவார். டின்டினாபுலி என்னும் இசையமைப்பு முறையை உருவாக்கியவர். பெயர் பெற்ற இசையமைப்பாளராக விளங்கிய பின்னரும், சுமார் எட்டு ஆண்டுகள் மிகக் குறைவாகவே எழுதி, பழைய இசையை மீண்டும் ஒரு மாணவரைப் போலப் பயின்று இம்முறையைக் கண்டடைந்தார்.

இளமையும் கல்வியும்

பைடே நகரில் பிறந்த இவர் ராக்வெரே நகரில் வளர்ந்து, அங்குள்ள இசைப்பள்ளியில் பயின்றார். இராணுவ சேவையின்போது இராணுவ இசைக்குழுவில் வாசித்தார். பின்னர் தாலின் இசைக்கல்லூரியில் ஹெய்னோ எல்லரிடம் இசையமைப்புப் பயின்று 1963இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராகச் சேர்ந்து, 1967 வரை அங்கு பணியாற்றினார். திரைப்படங்களுக்கும் இசையமைத்தார்.

தொடக்ககாலப் படைப்புகள்

அக்காலத்தில் எஸ்தோனியா சோவியத் ஒன்றியத்தின் ஆட்சியில் இருந்தது. 1960இல் இவர் எழுதிய நெக்ரோலோக், பன்னிரு சுர முறையில் அமைந்த முதல் எஸ்தோனியப் படைப்பாகும். மேற்கு நாடுகளின் தாக்கம் உடையது என அது கண்டிக்கப்பட்டது. 1968இல் தாலினில் நேமே யார்வி நடத்திய கிரெடோ, பாக்கின் இசையைத் தழுவியதுடன் கிறித்துவ நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்தது. இதனால் அது மீண்டும் இசைக்கப்படுவது தடுக்கப்பட்டது.

மீண்டும் பயிற்சி

கிரெடோவிற்குப் பின் பேர்ட் தமது பழைய முறைகளைக் கைவிட்டார். கிரிகோரியன் வழிபாட்டுப் பாடல்களையும் இடைக்கால, மறுமலர்ச்சிக்காலப் பல்குரல் இசையையும் ஆராய்ந்தார். ஒற்றைக் குரலுக்கான மெட்டுகளை எழுதிக் குறிப்பேடுகளை நிரப்பினார். 1971இல் வெளிவந்த மூன்றாம் சிம்பொனி இக்காலத்தின் முக்கியப் படைப்பாகும். 1972இல் மரபுவழித் திருச்சபையில் இணைந்தார்.

டின்டினாபுலி முறை

இப்பெயர் சிறுமணியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இம்முறையில் இரு குரல்கள் இணைந்து இயங்குகின்றன. ஒன்று சுரவரிசையில் பெரும்பாலும் படிப்படியாக ஏறி இறங்கும். மற்றொன்று அதன் முதல், மூன்றாம், ஐந்தாம் சுரங்களில் மட்டுமே ஒலிக்கும். மெட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் இம்மூன்றில் எது துணை வரவேண்டும் என்பதை முன்னரே வகுத்த விதி தீர்மானிக்கிறது. 1976இல் பியானோவிற்கு எழுதிய ஃப்யூர் அலினா இம்முறையின் முதல் படைப்பாகும்.

புலம்பெயர்வும் பிற்காலமும்

1980இல் குடும்பத்துடன் சோவியத் ஒன்றியத்தை விட்டு வெளியேறி வியன்னா சென்றார். 1981இல் பெர்லினில் குடியேறினார். 1984இல் மான்ஃபிரெட் ஐகரின் இசிஎம் நிறுவனம் வெளியிட்ட தபுலா ராசா இசைத்தட்டு இவரை உலகறியச் செய்தது. 2010இல் எஸ்தோனியா திரும்பினார். இவரது ஆவணங்களைப் பாதுகாக்கும் ஆர்வோ பேர்ட் மையத்தின் கட்டடம் 2018இல் லௌலஸ்மாவில் திறக்கப்பட்டது.

குறிப்பிடத்தக்க படைப்புகள்

- ஃப்ராத்ரெஸ் (1977)
- பெஞ்சமின் பிரிட்டன் நினைவாக கான்டுஸ் (1977)
- தபுலா ராசா (1977)
- ஷ்பீகெல் இம் ஷ்பீகெல் (1978)