கடலில் எண்ணெய் கசிந்த பின் மட்டி, ஆளி உண்ணலாமா?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியதில் எரியெண்ணெய் கடலில் கலந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. இத்தகைய நேரங்களில் மட்டி, ஆளி போன்ற ஓட்டு உயிரினங்களை உண்பது குறித்து நீங்கள் அறிய வேண்டியவை கீழே தரப்பட்டுள்ளன.

நச்சு எவ்வாறு சேர்கிறது?

மட்டியும் ஆளியும் மீனைப் போல் விலகிச் செல்ல இயலாதவை. நீரை உள்ளிழுத்து வடிகட்டியே அவை உணவு பெறுகின்றன. நீரில் கலந்த எண்ணெய்த் துளிகளும் அவ்வழியே உடலில் சேர்கின்றன. எண்ணெயிலுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்களை மீனின் கல்லீரல் பெரும்பாலும் சிதைத்து வெளியேற்றிவிடும். மட்டிக்கு அத்திறன் மிகக் குறைவு. எனவே நச்சு அதன் சதையில் நீண்ட நாள் தங்குகிறது. இறால், நண்டு ஆகியவை இடைப்பட்டவை.

மட்டிக்கு ஏற்படும் பாதிப்பு

எண்ணெய் கனமாகப் படிந்தால் அவை மூச்சடைத்து இறக்கின்றன. குறைந்த அளவிலும் வளர்ச்சி குன்றும், இனப்பெருக்கம் பாதிக்கப்படும், பாறையைப் பற்றும் நார்கள் தளரும்.

உங்களுக்கு ஏற்படக்கூடிய பாதிப்பு

குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றலாம். இச்சேர்மங்களுள் ஒன்றான பென்சோபைரீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உண்டதற்காக அஞ்ச வேண்டாம். தொடர்ந்து உண்பதே இடரைக் கூட்டுகிறது.

செய்ய வேண்டியவை

• மீன்வளத் துறை அனுமதிக்கும் வரை பாதிக்கப்பட்ட பகுதியின் மட்டி, ஆளி, நண்டு, இறாலைத் தவிர்க்கவும்.
• கழுவுதல், சில மணி நேரம் நீரில் ஊறவைத்தல், வேகவைத்தல் ஆகியவற்றால் இந்நச்சு நீங்காது.
• எண்ணெய் வாடை வீசினால் உண்ணாதீர்கள். வாடை இல்லை என்பதாலேயே பாதுகாப்பானது என்று கருதவும் வேண்டாம்.
• கர்ப்பிணிகள், குழந்தைகள், கல்லீரல் நோயாளிகளின் உணவில் கூடுதல் கவனம் தேவை.
• தோலில் எண்ணெய் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவவும். மண்ணெண்ணெய் பயன்படுத்தக் கூடாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

வாந்தியோ வயிற்றுப்போக்கோ நீடித்தால், நாவறட்சி, சிறுநீர் குறைதல், மயக்கம் இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். வாந்தியை வலிந்து வரவழைக்க வேண்டாம். எங்கு பிடித்த, எந்த வகை உணவை, எப்போது உண்டீர்கள் என்பதை மருத்துவரிடம் கூறவும். ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 எண்ணை அழைக்கலாம்.