அலாரக் கைக்கடிகாரங்களின் முகப்பமைப்பு: ஓர் ஒப்பாய்வு

கடிகார வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் உள்ளுறுப்புகளையே ஆராய்வர். பற்சக்கரங்களும் சுருள்வில்லும் அவர்க்கு முதன்மையாகத் தோன்ற, முகப்பு வெறும் அலங்காரமெனக் கருதப்பட்டு ஒதுக்கப்பெறும். பொதுவான கடிகாரங்களைப் பொறுத்தவரை இக்கருத்து ஒருவாறு பொருந்தலாம். அலாரம் ஒலிக்கும் கைக்கடிகாரத்துக்கு இது சிறிதும் பொருந்தாது. ஆங்கு முகப்பானது பொறியின் இயல்பை அப்படியே வெளிக்காட்டி நிற்கின்றது. முகப்பிலுள்ள கோடுகளைக் கூர்ந்து நோக்குவோர் உள்ளிருக்கும் பொறியால் எது இயலும், எது இயலாது என்பதை மூடியைத் திறவாமலே அறிந்துகொள்ளலாம்.

மேசைமீது வைக்கும் அலாரக் கடிகாரம் பழமையானது. அதனைக் கையில் அணியுமளவுக்குச் சிறிதாக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. சுவிற்சர்லாந்தின் எற்றேர்னா நிறுவனம் 1908 ஆம் ஆண்டில் இதற்கு உரிமம் பெற்று, 1914 ஆம் ஆண்டில் பேர்ண் நகரில் நடைபெற்ற தேசியப் பொருட்காட்சியில் அத்தகைய கடிகாரமொன்றைக் காட்சிக்கு வைத்தது. எனினும் சிறு பெட்டகத்துள் எழும் ஒலி அணிந்தவரின் கையிலேயே அடங்கிப்போவது பெருங் குறையாயிருந்தது. இக்குறையைத் தீர்த்துப் பரவலாகப் பயன்பட்ட முதற் கடிகாரம் வுல்கேன் நிறுவனம் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிரிக்கெற்' ஆகும். பெயரைக் கேட்டதும் நம்மவர்க்கு விளையாட்டே நினைவுக்கு வருமாயினும், ஈண்டு அது சிள்வண்டைக் குறிக்கும். சின்னஞ்சிறு வண்டு நெடுந்தொலைவுக்குக் கேட்குமாறு ஒலி எழுப்பவல்லதாயின் கடிகாரத்தாலும் அது கூடும் எனப் பிரெஞ்சு பௌதிக அறிஞர் போல் லாங்ஷவன் ஊக்கமளித்தார் என்பர். சுத்தியல் மெல்லிய தகடொன்றை அடிக்க, துளைகளிட்ட இரண்டாவது அடிமூடி ஒலியை வெளிச்செலுத்தியது. 1953 ஆம் ஆண்டில் பதவியினின்றும் நீங்கிய அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனுக்கு வெள்ளை மாளிகைப் புகைப்படக்காரர் இக்கடிகாரத்தைப் பரிசளித்தமையால் இதன் புகழ் மேலும் பரவிற்று.

ஒலியின் சிக்கல் தீர்ந்தபின் எஞ்சியது முகப்பின் சிக்கலே. மணி முள், நிமிட முள், விநாடி முள் ஆகிய மூன்றும் ஏற்கெனவே ஒரு மையத்தில் சுழல்கின்றன. நான்காவதாக அலாரத்தைக் காட்டுங் குறியும் அதே வட்டத்துள் இடம்பெறல் வேண்டும். இந்நான்காவது குறியின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்ளல் அவசியம். அலாரத்தைத் திறந்துவிடுவது மணிச் சக்கரமேயன்றி நிமிடச் சக்கரமன்று. மணிச் சக்கரம் சுழன்று, நாம் குறித்துவைத்த சக்கரத்தோடு பொருந்தும் வேளையில் தடை நீங்கிச் சுத்தியல் விடுபடுகின்றது. ஆதலின் அலாரக் குறி பன்னிரண்டு மணி நேரத்தையும் ஒரே சுற்றுக்குள் அடக்குகின்றது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அதனிடத்தில் வேறுபாடில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு அப்பாலுள்ள வேளையைக் குறித்துவைப்பதும் இயலாது.

இதனாலுண்டாகும் நெருக்கடியை ஓர் எளிய கணக்கால் காணலாம். அலார வட்டத்தின் ஆரை 9 மில்லிமீற்றர் எனக் கொள்வோமாயின் அதன் சுற்றளவு ஏறத்தாழ 56.5 மில்லிமீற்றர் ஆகும். ஒரு மணிக்கு 4.7 மில்லிமீற்றரும், பத்து நிமிடத்துக்கு 0.8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும் கிடைக்கும். ஒரு நிமிடத்துக்குக் கிடைப்பது 0.08 மில்லிமீற்றர் மாத்திரமே. இஃது ஒரு தலைமயிரின் பருமனை ஒத்தது. ஆகவே நிமிடக் கணக்காக அலாரத்தைக் குறித்துவைக்கலாமெனக் காட்டும் முகப்பு எதுவாயினும் அது பொய்யுரைக்கும் முகப்பே. நேர்மையான முகப்பு பத்து நிமிடம் அல்லது கால் மணி என்ற அளவோடு நின்றுவிடும்.

இங்கேதான் நுட்பமானதொரு முரண்பாடு எழுகின்றது. வழக்கமான நிமிட வட்டத்தில் இரு மணிக் குறிகளுக்கிடையே ஐந்து பிரிவுகள் உள. அலாரத்துக்கோ அதே இடைவெளி ஆறாகப் பிரிக்கப்படின் பிரிவொன்று பத்து நிமிடமாகும். நான்காகப் பிரிக்கப்படின் கால் மணியாகும். நிமிட வட்டத்தையே அலாரத்துக்கும் பயன்படுத்தினால் பிரிவொன்று பன்னிரண்டு நிமிடமாகிவிடும்; அவ்வாறு காலத்தைக் கணிப்பார் எவருமிலர். எனவே சிறந்த முகப்புகள் பலவற்றில் அலாரத்துக்கெனத் தனியான உள்வட்டமொன்று வரையப்பட்டிருக்கக் காண்கிறோம். கிரிக்கெற் கடிகாரங்கள் பலவற்றில் இவ்வுள்வட்டம் வேறு நிறச் சாயையால் பிரித்துக் காட்டப்பட்டது. அலார முள்ளும் மற்றை முட்களினின்று வேறாகத் தெரியுமாறு அமைந்தது. ஆயினும் நான்கு முட்கள் ஒரே மையத்தினின்று கிளைத்தலால், அரைத்தூக்கத்தில் மணி பார்ப்பவர் மயங்க இடமுண்டு. அலாரக் கடிகாரத்தை அரைத்தூக்கத்திலன்றி வேறெப்போது பெரிதும் பார்க்கிறோம்?

இம்மயக்கத்தைத் தவிர்க்கும் வேறு வழியை ஜேகர்-லெகூல்த் நிறுவனம் 1950 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மெமோவொக்ஸ்' காட்டிற்று. நான்காவது முள் இதில் இல்லை. முகப்பின் நடுப்பகுதியே தனித் தட்டாகச் சுழல, அத்தட்டின் ஓரத்திலுள்ள சிறு முக்கோணம் அலார வேளையைச் சுட்டுகின்றது. கிரிக்கெற்றில் ஒரே குமிழை ஒரு புறம் திருப்பக் கடிகாரமும் மறுபுறம் திருப்ப அலாரமும் முறுக்கேறும். பக்கத்திலுள்ள பொத்தான் ஒலியை நிறுத்தும். மெமோவொக்ஸிலோ மேற்குமிழ் அலாரத்துக்கும் கீழ்க்குமிழ் நேரத்துக்கும் எனப் பணி பிரிந்தது. இப்பிரிவு முகப்பிலும் தெளிவைத் தந்தது: முட்கள் நேரத்துக்குரியன, தட்டு அலாரத்துக்குரியது.

எனினும் தட்டுக்கும் ஒரு விலை உண்டு. மணிக் குறிகள் அதனைச் சூழ்ந்திருத்தலால் அது குறித்த எல்லைக்குமேல் பெருக்க இயலாது. சிறிய வட்டத்தின் ஓரத்தில் நிற்கும் முக்கோணம் நீண்ட முள்ளின் நுனிபோல் நுண்மையாக வேளையைச் சுட்டாது. தெளிவுக்காக நுண்மை ஓரளவு விட்டுக்கொடுக்கப்பட்டது எனலாம். துயிலெழுவதற்கு ஐந்து நிமிடம் முன்பின் ஆவதாற் கேடில்லை. நேரத்தைத் தவறாகப் படிப்பதே பெருங்கேடு. ஆதலின் தட்டின் பக்கமே தீர்ப்புச் சாய்தல் தகும். அன்றியும் தட்டு எழுதத்தக்க இடமொன்றைத் தந்தது. 1950களின் பிற்பகுதியில் உலக நகரங்களின் பெயர்களைத் தட்டிற் பொறித்த மெமோவொக்ஸும், மோட்டார் வண்டியை நிறுத்திவைக்கும் கால எல்லையை நினைவூட்டும் மெமோவொக்ஸும் வெளிவந்தன. முள்ளின்மீது எதனை எழுதுவது?

1954 ஆம் ஆண்டில் கிறெங்கென் நகரத்து ஏ. ஷில்ட் நிறுவனம் 1475 என்னும் இலக்கமுடைய அலாரப் பொறியைச் செய்து பல நிறுவனங்களுக்கும் விற்றது. ரியூடர் நிறுவனத்தின் 'அட்வைசர்' இப்பொறி கொண்டதே. மொஸ்கோவின் முதலாம் கடிகாரத் தொழிற்சாலை செய்த போல்யொற் 2612 பொறியும் இதனைத் தழுவியதாகும். இவை இரு குமிழ்களோடு நான்காவது முள்ளையே கொண்டன. பெயர் பலவாயினும் முகப்பின் இலக்கணம் ஒன்றே.

கடலடியில் மூழ்குவோருக்கான கடிகாரங்களில் இச்சிக்கல் உயிரோடு தொடர்புடையதாயிற்று. மேலெழவேண்டிய வேளையை ஒலியாலும் அதிர்வாலும் உணர்த்தும் பொருட்டு 1959 இல் மெமோவொக்ஸ் 'டீப் சீ' தோன்றியது. 1961 இல் வுல்கேன் 'நோற்றிக்கல்' வெளிவந்தது. சுவிற்சர்லாந்தின் மூழ்குநர் ஹன்னெஸ் கெல்லர் அதன் ஆக்கத்திற் பங்குகொண்டார். மேலெழும்போது தங்கவேண்டிய நிலைகளைக் காட்டும் அட்டவணையே அதன் முகப்பிற் பொறிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. 1960களின் பிற்பகுதியில் வந்த 'பொலாரிஸ்' கடிகாரத்திற் குமிழ்கள் மூன்றாயின; அலாரத் தட்டுக்கு ஒன்று, மூழ்கிய நேரத்தைக் கணிக்கும் உள்வளையத்துக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று. முகப்பு தாங்கக்கூடிய சுமையின் எல்லை இதுவே போலும்.

மூன்றாவது வழியொன்றை யப்பானியர் கண்டனர். சைக்கோ நிறுவனம் 1966 ஆம் ஆண்டளவில் வெளியிட்ட 'பெல்-மற்றிக்' கடிகாரத்தில் அலாரக் குறி முகப்பின் விளிம்பிற் சுழலும் வளையத்தில் அமைந்தது. விளிம்பே மிகப் பெரிய வட்டமாதலால் ஒவ்வொரு மணிக்குங் கிடைக்கும் இடம் மிகுந்தது. 13 மில்லிமீற்றர் ஆரைக்கு முற்கூறிய கணக்கைச் செய்தால் பத்து நிமிடத்துக்கு 1.1 மில்லிமீற்றர் கிடைக்கும். முட்கள் மூன்றாகவே நின்றன; நடுப்பகுதியும் வெறுமையாயிருந்தது. தட்டின் தெளிவும் முள்ளின் நுண்மையும் ஒருங்கே வாய்த்த அமைப்பு இதுவே எனினும் மிகையாகாது. ஆனால் இது காலந்தாழ்ந்து வந்தது. 1969 இறுதியில் அதே நிறுவனம் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. 1970களில் இலக்கங்களால் நேரங்காட்டும் மலிவான கடிகாரங்கள் நிமிடம் பிசகாமல் ஒலிக்கத் தொடங்கவே, பொறியலாரம் பெரும்பாலும் வழக்கொழிந்தது.

இன்று இக்கடிகாரங்களை ஆராய்வோர் முகப்பை முழுவதும் நம்பிவிடலாகாது. அமெரிக்காவுக்குச் சென்ற மெமோவொக்ஸ்களின் முகப்பில் 'லெகூல்த்' என்னும் பெயர் மாத்திரமே காணப்படும். பொறிகள் அங்கு இறக்குமதியாகி அந்நாட்டிலேயே பெட்டகத்தில் இடப்பட்டமையாலும், அங்கு வழங்கிய வணிகப் பெயர் அதுவாதலாலும் இவ்வாறாயிற்று. இதனைப் போலியெனத் தள்ளுதல் தவறு. மறுபுறத்தில், மங்கிய முகப்புக்குப் புதிதாக வர்ணந் தீட்டி விற்பதும் பெருவழக்காயுள்ளது. பெயரெழுத்தைப் பழையபடி எழுதுவோர் அலார வட்டத்தின் பிரிவுகளைக் கருத்திற் கொள்ளாதுவிடலாம். ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து காணப்படின் ஐயுறல் வேண்டும். சோதனையும் எளிதே. அலாரத்தை முறுக்கி ஒரு மணிக் குறியில் நிறுத்தி, நேர முட்களை மெல்ல முன்னோக்கித் திருப்புக. ஒலி எழும் கணத்தில் நிமிட முள் பன்னிரண்டுக்கு எவ்வளவு முன்பின்னாக நிற்கின்றதெனக் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த குறிகளிலும் அவ்வாறே செய்க. வேறுபாடு எல்லாக் குறிகளிலும் ஒரே அளவாயிருப்பின் முள் அல்லது தட்டுச் சிறிது இடம்மாறிப் பொருத்தப்பட்டதென்க. குறிக்குக் குறி மாறுபடுமாயின் அவ்வட்டம் பிற்காலத்தார் கையால் வரையப்பட்டதாகலாம்.